ஷோகேஸுக்குள் ஒரு வெங்கணாந்தி

உங்களில் யாருடைய வீட்டில் ஷோகேஸ் இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் கையைத் தூக்குவீர்கள். தூக்கிய கையை இறக்கப் பாதிப் பேருக்கு இன்னொருவர் உதவி வேண்டியிருக்கும். நமக்கு அந்த வயது வந்துவிட்டது. சின்ன வயதில் மொன்றியலுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமும் வீட்டில் ஏச்சும் கேட்டு வளர்ந்த நம் எல்லோருடைய வீட்டு ஹோலிலும் அது நின்றது. கண்ணாடிக் கதவு. உள்ளே பீங்கான் அன்னங்கள், யாருடையதோ கலியாணத்தில் கொடுத்த குங்குமச் சிமிழ், பாவிக்கவே பாவிக்காத தேநீர்க் கோப்பைகள், பிள்ளைகள் வென்ற பரிசுகள்.

எங்கள் ஷோகேஸை அப்பா ஒரு யூலை முதலாந் தேதி தெருவோரத்தில் கண்டெடுத்தார். அன்றைக்கு இந்த மாகாணமே வீடு மாறும், வேண்டாத தளபாடங்களை நடைபாதையில் விட்டுவிட்டுப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மொன்றியலுக்கு ஆற்றின் மறுகரையான லொங்குய்யில் எங்கள் வாடகை வீடு இரண்டாம் மாடியில். வளைந்து ஏறுகிற இரும்புப் படி. அந்தப் படியால் அப்பா தன் சாப்பாட்டுக் கடைச் சமையற்கட்டு நண்பர்களோடு அதைத் தூக்கி ஏற்றியதைக் கீழே நின்று நான் வழிநடத்தினேன். ஒரு கண்ணாடி உடைந்தது. வழிநடத்தலின் தரம் அப்படி.

அதற்குள் என்னுடைய பரிசும் ஒன்று இருந்தது. ஓட்டப்போட்டியில் மூன்றாம் இடம். ஓடியவர்களே மூன்று பேர்தான் என்பதை அம்மா வருகிறவர்களிடம் சொல்வதில்லை. 

அந்த ஷோகேஸ் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. இருவரும் இருந்த காலத்து ஒரு குளிர்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

*

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் மட்டக்களப்பை விட்டுப் புறப்பட்டார்கள். கைக்குழந்தையைக் கொண்டுபோகலாம், மற்றவனைப் பிறகு பார்ப்போம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். மற்றவன் என்றது என் அண்ணனை. பால்பல் விழுகிற வயது அவனுக்கு. பெரியம்மா வீட்டில் விட்டு, கொஞ்ச நாளில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

விமானநிலையத்தில் அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். அவன் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். மரியாதையான பிள்ளை. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அவன் பையை வாங்கிக்கொண்டார்.

எனக்கோ ஒரு அண்ணன் வருகிறான் என்றால் பெரிய ஏற்பாடுகள் மனதில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் என் தொப்பியைப் பறிக்கிறவர்களின் பட்டியலைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தேன். வந்தவன் என்னைவிட மெல்லிசு. காற்றடித்தால் நான்தான் அவனைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அம்மாவும் அப்பாவும் தங்கள் அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு ஹோலில் படுத்தார்கள். இரண்டு பேர் படுக்கிற கட்டில், புது மெத்தை, பெரிய ஜன்னல். அவன் ஒரு கிழமை அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தான். பிறகு ஒருநாள் காலையில் அம்மா தேநீரோடு போனால் கட்டில் வெறுமை. உடுப்புத் தொங்கவிடுகிற குளோசெட்டுக்குள், தொங்குகிற கோட்டுகளுக்குக் கீழே, முழங்காலை மடக்கி நித்திரை. அம்மா கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்து, அந்தத் தேநீரைத் தானே குடித்தார்.

“மெத்தை சரியில்லையாக்கும்,” என்றார் அப்பா. அந்த மாதம் இன்னொரு மெத்தை வந்தது.

சாப்பாடும் அப்படித்தான். அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்து, அதன்மேல் மீன் துண்டங்களை அடுக்குவார். அவன் ஓரத்தில் கொஞ்சம் கிண்டிச் சாப்பிடுவான்.

“சாப்பிடு மனே.”

“காணும், போதும்.”

“என்ன காணும்? பூனை திண்டாலும் இதைவிடத் திங்கும்.”

சனி ஞாயிறுகளில் அவனைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஷோகேஸுக்குப் பக்கத்து சோபாவில் அவனை இருத்துவார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “எப்பிடித் தம்பி ஊரில? பிரச்சினைகள் குறைஞ்சிட்டுதோ?” அவன் தன் கால் பெருவிரலைப் பார்ப்பான். நான் இடையில் புகுந்து ஒரு பாட்டுப் பாடுவேன், அல்லது வயிற்றைக் குலுக்கி ஆடுவேன். அந்த வீட்டில் என் உத்தியோகம் அதுதான்.

பனி விழத் தொடங்கிய நேரம் அவன் அப்பாவிடம், தன்னையும் டவுன்டவுனில் அவர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக் குசினிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டான். பள்ளிக்கூடம் வேண்டாமாம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பில் அவனைப் போட்டிருந்தார்கள். வாயே திறக்காதவனுக்கு மொழி வகுப்பு.

“இந்த வீட்டில கோப்பை கழுவுறதுக்கு ஒரு ஆள் காணும்,” என்றார் அப்பா. “நீ படி.”

“ஏலாது.”

“நத்தார் லீவு வரைக்கும் போய்ப் பாரு. பிறகு கதைப்பம்.”

இப்படி இருக்கிறபோதுதான் பாம்பு வந்தது.

*

அந்த வகுப்பு வாத்தியார் தன் வகுப்பறையில் ஒரு மலைப்பாம்பு வைத்திருந்தார். ஆப்பிரிக்காவில் பிறக்கிற சின்னச் சாதி. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். வாய் பேசத் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் வாய் பேசாத ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். என் அண்ணன் கையை உயர்த்தியிருக்கிறான். அந்த வகுப்பில் அவன் செய்த முதல் காரியம் அது.

பாம்பை எடுக்க அப்பாவும் போனார், மொழிபெயர்ப்பாளராக நானும் போனேன். வாத்தியார் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறு யாரும் கேட்கவில்லை, உங்கள் மகன் ஒருவன்தான் கேட்டான் என்று சொன்னார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அன்றைக்கு ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கவில்லை. 

அப்பா வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “கேட்ட உடன குடுப்பாங்களா? அத்தினை பிள்ளையளுக்குள்ள இவனைத் தெரிஞ்செடுத்துக் குடுத்திரிக்கார். இது லேசான விசயமில்ல.”

பஸ்ஸில் அண்ணன் தலையணை உறைக்குள் பாம்பைப் போட்டு, உறையைக் கோட்டுக்குள் வைத்து, நெஞ்சோடு சாய்ந்திருந்தான். பக்கத்துப் பெண்மணி உள்ளே என்ன என்று கேட்டார். பூனை என்றேன். எவ்வளவு அமைதியான பூனை என்று வியந்தார்.

வாசலில் அம்மா விளக்கோடு நின்றார். ஆரத்தி எடுக்க அல்ல. தூரத்தில் நின்று பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று.

“என்ன சாதி மனே?”

“வெங்கணாந்தி,” என்றான் அண்ணன். எங்கள் ஊரில் மலைப்பாம்புக்கு அதுதான் பெயர். அம்மா சுவரோடு சுவராகி நின்றார். அவருடைய ஊரில் வெங்கணாந்தி ஆட்டுக்குட்டி விழுங்குகிற சாமான். இது என் அரை நீளம்கூட இல்லை என்று நாங்கள் காட்டியதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “வளரும்தானே,” என்றார்.

வாத்தியார் கொடுத்துவிட்ட பாம்பு வீடு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் துளைகள், இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டுகிற கொளுக்கிகள். அடியில் பாதிக்கு மட்டும் சூடு தருகிற ஒரு பாய். மற்றப் பாதி குளிர்ச்சி. சூடு வேண்டுமென்றால் பாம்பு இந்தப் பக்கம் வரும், வேண்டாமென்றால் அந்தப் பக்கம் போகும். ஒரு தண்ணீர்க் கிண்ணம். விளிம்பு உடைந்த பூச்சாடி ஒன்று, கவிழ்த்து வைத்தபடி. அதற்குள் நுழைந்து சுருண்டால் பாம்பு கண்ணுக்குத் தெரியாது.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“வாத்தியார் நம்பித் தந்த சாமானை வாளிக்குள்ள வைக்கிறதா? ஆராவது வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?”

அந்த நேரம் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஷோகேஸைப் பார்த்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிற பரிசு எங்கே போகும்? சரிதானே. நீங்களும் அங்கேதான் வைத்திருப்பீர்கள்.

*

அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அந்த மாளிகையைக் கட்டினார். நடுத் தட்டுகளைக் கழற்றினார். பின்பலகையில் காற்றுக்குத் துளை போட்டார். கண்ணாடிக் கதவின் இடுக்குகளை நாடா ஒட்டி அடைத்தார். பாம்பு ஓடிவிடக் கூடாதென்று வெளியில் சைக்கிள் பூட்டு ஒன்று. மேலே ஒரு மேசை விளக்கைத் தலைகீழாகப் பொருத்தினார். அருவி விழுகிற ஒரு கலண்டர் படத்தைப் பின்னால் ஒட்டினார். பாம்பு ஊரில் இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளுமாம். பிளாஸ்டிக் கொடி வாங்கி வளைத்துவிட்டார். பீங்கான் அன்னம் ஒன்றையும் வடிவுக்காக விட்டுவைத்தார். என் மூன்றாம் பரிசு குசினி லாச்சிக்குள், கரண்டிகளோடு குடிபோனது. அம்மாவின் படுக்கையும் ஹோலிலிருந்து குசினிக்குக் குடிபோனது.

அண்ணன் பூச்சாடியைக் கொண்டுவந்து நீட்டினான்.

“அது என்னத்துக்கு? அதுக்குள்ள போய்ப் பூந்தா ஆருக்கும் தெரியாதே,” என்றார் அப்பா. “இவ்வளவு இடம் கிடக்கு. சுதந்திரமா ஓடித் திரியட்டும்.”

அண்ணன் பூச்சாடியைத் திரும்பக் கொண்டுபோனான்.

பாம்பு சுதந்திரமாக ஓடித் திரியவில்லை. அன்னத்துக்குப் பின்னால் இருந்த மூலையில் போய்ச் சுருண்டு, தலையைச் சுருளுக்குள் செருகிக்கொண்டது. விருந்தாட்கள் வந்தார்கள். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகள் தட்டினார்கள். “வாத்தியார் இவரைத் தெரிஞ்செடுத்துக் குடுத்தவராம்,” என்று அம்மா தூரத்திலிருந்து சொன்னார். சோபாவில் அண்ணன், கண்ணாடிக்குள் பாம்பு. இரண்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு வாத்தியார் உறைந்த எலிகளைப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார். அது எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில், பாரைமீனுக்குப் பக்கத்தில் இருந்ததை அம்மா கண்ட நாளை நான் விவரிக்கப் போவதில்லை. பிரிட்ஜை மஞ்சள் தண்ணீரால் கழுவினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனாலும் எலிப் பொட்டலத்தை எறியவில்லை. வாத்தியாரின் சாமான்.

அண்ணன் ஒரு எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, நீளமான இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன் காட்டினான். அது திரும்பவில்லை. அடுத்த முறையும் இல்லை. அப்பா கண்ணாடி வழியாகக் குனிந்து, “சாப்பிடு மனே,” என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

பாம்புகள் மாதக்கணக்காகச் சாப்பிடாமல் இருக்கும் என்பதை இப்போது நாம் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிடலாம். அப்போது எங்களிடம் இருந்தது அப்பாவின் அனுபவம் மட்டும். “பட்டினியால செத்திட்டுதெண்டா வாத்தியார் என்ன நினைப்பார்? இவங்கட வீட்டில சோறில்லையெண்டு நினைப்பார்.”

அண்ணன் நினைத்தது வேறு. அதை என்னிடம் மட்டும் சொன்னான், குளோசெட்டுக்குள் காலை மடக்கி இருந்துகொண்டு.

“அது செத்தா நான் பள்ளிக்கூடம் போகமாட்டன். அந்தாளிட முகத்தைப் பாக்க ஏலாது. நான் ஆரெண்டும் தெரியாம என்னை நம்பி ஒண்டைத் தந்தது அந்தாள் மட்டும்தான்.”

“குசினிக்குப் போவியா?”

“குசினிக்கும் போகமாட்டன்.”

“அப்ப எங்க போவாய்?”

அவன் தொங்குகிற கோட்டுகளைப் பார்த்தான். எனக்கு அப்போது ஆட வரவில்லை.

மறுநாள் அவனே அப்பாவிடம் போய் நின்றான். அந்த வீட்டில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“அப்பா, அதுக்கு வடிவு தெரியாது. பெரிய இடத்தில விட்டா எந்தப் பக்கத்தால என்ன வருமெண்டு பாத்துக்கொண்டே இரிக்கும். நாலு பக்கமும் உடம்பில முட்டவேணும். அப்பதான் பயம் போகும். பிறகுதான் பசிக்கும்.”

அப்பா கையில் இருந்த திருகாணிச் சாவியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“நான் உனக்கெண்டு செய்ததடா,” என்றார். பாம்பின் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். “ஞாயிறு ஆட்கள் வாறாங்க. அது வரைக்கும் அங்கயே இரிக்கட்டும்.”

*

அந்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கு முன்னால் ஐஸ்மழை வந்துவிட்டது.

உங்களுக்கு நான் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிய மழை. கம்பிகள், மரக்கிளைகள், எங்கள் இரும்புப் படி, கீழ்வீட்டுக்காரரின் கார் எல்லாம் தடித்த கண்ணாடிக்குள் இருந்தன. நம் பக்கக் கரையில் மின்சாரம் போய்விட்டது. ஹீட்டர்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகிறவை. சுவரோரத்து ஹீட்டர் ஒருமுறை கடக்கென்று சொல்லிவிட்டு அடங்கியது. ஷோகேஸின் மேல் விளக்கும் அணைந்தது.

அப்பா உடனே பெரிய கம்பளியை எடுத்து ஷோகேஸுக்குப் போர்த்தினார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “கம்பளி சூடு தராதப்பா. உள்ளுக்குச் சூடு இருந்தால்தான் பிடிச்சு வைக்கும்.” அப்பா கம்பளியின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றார். பிறகு குனிந்து தன் கையாலேயே சைக்கிள் பூட்டைத் திறந்துவிட்டார்.

அண்ணன் பாம்பைத் தலையணை உறைக்குள் எடுத்து, சட்டையைத் தூக்கி வயிற்றோடு வைத்துக் கட்டினான். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட்டு. ஜன்னல் இல்லாத, வெளிச்சுவர் இல்லாத இடம் அந்தக் குளோசெட் ஒன்றுதான். போய் இருந்துவிட்டான்.

வெளியில் கிளைகள் ஒடிந்தன. ஒடியும்போது வெடிச் சத்தம்போல இருந்தது. எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணனின் கை வயிற்றுக்குப் போகும், பாம்பின் மேல். அம்மா அதைக் கதவுப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அடுத்த நாள் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகைந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த, மேசையில் வைத்து எரிக்கிற சின்ன ஃபொண்டூ அடுப்பில் அப்பா தேநீர் வைத்தார். வெளியே பல்கனியில் இறைச்சி சுடுகிற கரி அடுப்பை உள்ளே கொண்டுவரப் பார்த்தார். அம்மா வாசலை மறித்தார்.

“புகை பிடிச்சுச் சாகப் போறமா?”

“ஊரில விறகடுப்பில சமைச்சு ஆர் கா செத்தது?” அம்மாவை அப்பா கூப்பிடுவது அந்தக் ‘கா’தான்.

“ஊரில கூரைக்கும் சுவருக்கும் நடுவால காத்துப் போகும். இஞ்ச இடுக்கெல்லாத்தையும் நீங்கதானே நாடா ஒட்டி வைச்சிரிக்கீங்க.”

அப்பா அடுப்பைத் திரும்பக் கொண்டுபோனார். பற்றரி வானொலியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். கட்டில், சூப், சூடு. வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து குளோசெட் வாசலில் நின்றார். “எழும்பு. எல்லாரும் போவம்.”

“நீங்க போங்க,” என்றான் அண்ணன். கோபமில்லை. பழகின குரலில் சொன்னான். “நான் நிக்கிறன். பிறகு வாங்க.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா தரையில் இருந்துவிட்டார்.

“சின்னவனைக் கூட்டிக்கொண்டு நீங்க போங்க,” என்றார். “ஒருக்கா விட்டிட்டு வந்தனான். ரெண்டாந்தரம் ஏலாது.”

வானொலி மட்டும் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். விரல் விறைத்துப்போயிருந்ததால் நெடுநேரம் எடுத்தது.

அந்தப் பாம்பு பிறகு உயிரோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களில் இரத்த அழுத்தக்காரர் அதிகம். அண்ணனும் போனான். படித்து முடித்தான், வேலை எடுத்தான், பிறகு எல்லோரையும்போல ரொறொன்ரோவுக்கும் போனான். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அண்ணன் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “அசையிதில்ல,” என்றான்.

*

அடுத்த பகலில் கதவு தட்டப்பட்டது.

வீடுவீடாகப் பார்த்துப்போக இராணுவத்தினரைத் தெருவில் விட்டிருந்தார்கள். நான் கதவுக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்குரிய உரத்த குரலில், “ஆமி!” என்றேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் வெகுகாலம் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் வீடு என்ன செய்தது என்று பாருங்கள். அண்ணன் குளோசெட் கதவை உள்ளிருந்து இழுத்து மூடினான். அம்மா அந்தக் கதவின் முன்னால் போய் நின்று, அவிழ்ந்திருந்த தலைமயிரை முடிந்தார். அப்பா ஹோலில் கிடந்த அண்ணனின் சப்பாத்துகளைக் காலால் சோபாவுக்குக் கீழே தள்ளினார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் கண் இமைக்கிற நேரத்துக்குள்.

கதவைத் திறந்தேன். பனியில் மூக்குச் சிவந்த ஒரு பெடியன். தொப்பியில் ஐஸ். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எல்லோரும் சுகமா என்று பிரெஞ்சில் கேட்டான்.

“எத்தினை பேரெண்டு கேக்கிறான்,” என்றேன்.

“மூண்டு பேர்,” என்றார் அம்மா. “மூண்டு பேர்தான் எண்டு சொல்லு. வேற ஒருத்தரும் இல்ல.”

சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். மண்டபத்துக்கு வர விரும்பினால் தானே கூட்டிப்போவதாகச் சொன்னான். அப்பா தலையாட்டி மறுத்தார். அவன் மூன்று கம்பளிகளைத் தந்தான். பிறகு என்னைப் பார்த்து, தைரியமான ஆள் நீ என்று சொல்லி, கையுறையால் என் தலையைத் தட்டிவிட்டு, வழுக்காமல் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனான்.

கதவைச் சாத்தினோம். அப்பாவின் கையில் மூன்று கம்பளி. அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“நாலாவது கேட்டிருக்கலாம்,” என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார். “அவன் சூடு தரத்தானே வந்தவன். நான் ஏன் அப்பிடிச் சொன்னன்?”

குளோசெட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல்: “போயிட்டாங்களா?”

அம்மா கதவைத் திறந்தார். கோட்டுகளுக்குக் கீழே அவன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்தியபடி, பல் கிடுகிடுக்க இருந்தான்.

“போயிட்டான் மனே. இவன் அந்த ஆமி இல்ல. குளிருக்குக் கம்பளி தாற ஆமி.”

“தெரியும்,” என்றான். “தெரிஞ்சும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இரிந்தன்.”

“பெரியம்மா வீட்டிலயும் இப்பிடித்தானா?”

“அங்க அலுமாரி. இதைவிடச் சின்னன்.”

அவ்வளவுதான் சொன்னான். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டைக்குள் தலையணை உறை மேடாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிரிட்ஜை மஞ்சள் தண்ணீரால் கழுவிய அம்மா. ஷோகேஸ் இருந்த பக்கத்தால் குசினிக்குப் போக அஞ்சி, இத்தனை நாளும் அறை வழியாகச் சுற்றிப் போன அம்மா.

“உயிர் கிடக்கா?”

“தெரியா. என்ட உடம்பில இப்ப சூடு காணாது. ஒரு பக்கம்தான் கொஞ்சம் இரிக்கு.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “மற்றப் பக்கமும் ஆராவது முட்டினால் நல்லம்.”

அம்மா அந்தக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே குனிந்து போனார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடு எங்கள் ஊர்க் கோயில் அம்மாளாச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்கு எதிரே முழங்காலை மடக்கி இருந்தார். பிறகு நெருங்கி, நெருங்கி, அவன் வயிற்றோடு தன் வயிற்றை வைத்து, கைகளை அவன் முதுகைச் சுற்றிப் போட்டார். நடுவில் பாம்பு. அவன் விலகவில்லை. விலக இடமும் இல்லை. அப்பா மூன்று கம்பளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர்கள் மேல் போர்த்தினார். அதற்குள் நானும் புகுந்துகொண்டேன், எனக்குக் கிடைத்தது அண்ணனின் கால்மாடு. அப்பா வாசலில், காற்றை மறித்து முதுகு காட்டி இருந்தார்.

கோட்டுகளில் பாச்சை உருண்டை மணமும் பழைய பொரியல் எண்ணெய் மணமும் இருந்தன. வெளியில் கிளை ஒடிந்தது. அண்ணனின் கை வயிற்றுக்குப் போக முடியவில்லை. அங்கே அம்மா இருந்தார்.

எவ்வளவு நேரம் போனதோ. திடீரென்று அம்மா, “ஐயோ!” என்றார்.

“என்ன கா?” அப்பா திரும்பிப் பாய்ந்தார்.

“ஊருது.” அம்மா அசையவில்லை. கண் மூடியபடியே, சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரலில் சொன்னார்: “எனக்கும் இவனுக்கும் நடுவில ஊருது. உயிர் கிடக்கு.”

அதன் பிறகு அந்த நாட்களைக் குளோசெட்டுக்குள்ளேயே கழித்தோம். டின்மீனும் பாணும் சாப்பிட்டோம். அம்மா தன் விரலால் பாணைப் பிய்த்து, மீனில் தோய்த்து, இருட்டில் அண்ணனின் வாயைத் தேடி வைத்தார். கை இரண்டும் பாம்பில் இருந்ததால் அவன் வாங்கித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அவன் “காணும்” என்று சொல்லவில்லை. எனக்கும் ஊட்டச் சொல்லிக் கேட்டேன். “உனக்குக் கை இல்லையா?” என்றார் அப்பா.

ஒரு மத்தியானம் பிரிட்ஜ் உறுமியது. அதைத் தொடர்ந்து தொலைக்காட்சி யாரையோ பார்த்துக் கத்தத் தொடங்கியது. தெரு முழுக்க ஆட்கள் பல்கனிகளில் நின்று சட்டிகளைத் தட்டினார்கள். நானும் அப்பாவும் வெளியே ஓடினோம். நான் ஒரு ஆட்டம் போட்டேன். ஹோலில் ஷோகேஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கொடியும் அருவியும் அன்னமும் மட்டும். அப்பா அதன் சுவிட்சை நிறுத்திவிட்டு, விளிம்பு உடைந்த பூச்சாடி எங்கே என்று என்னைக் கேட்டார்.

ஹீட்டர்கள் கடகடவென்று விரிந்தன. வீடு மெல்ல இளகியது. கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன். நெடுநேரமாகியும் அவர்கள் இருவரும் வெளியே வரவில்லை. நான் போய்க் குளோசெட் கதவைத் தட்டினேன்.

“கரண்ட் வந்திட்டு. ஹீட்டர் போட்டாச்சு. எழும்பி வாங்க.”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. அண்ணனின் கழுத்திலும் வியர்வை.

“பொறு மனே,” என்றார். “பாம்புக்கு இன்னும் சூடு காணாது.”

நான் அண்ணனைப் பார்த்தேன். பாம்பைப் பற்றித் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். அவன் அம்மாவின் தோளில் தாடையை வைத்தபடி என்னைப் பார்த்தான்.

“ஓம்,” என்றான். “இன்னும் காணாது.”